தீம் பார்க் விடுமுறை: நிமிடக் கணக்கில் திட்டமா, போன போக்கில் போவதா?

குடும்பத்தோடு தீம் பார்க்குக்குப் போவது என்று முடிவானதும் வீட்டில் இரண்டு கட்சி உருவாகிவிடும். ஒரு கட்சி அன்று இரவே எக்செல் ஷீட்டைத் திறந்துவிடும்: எந்த நாள் எந்தப் பார்க், எத்தனை மணிக்கு எந்த ரைடு, எங்கே சாப்பாடு. இன்னொரு கட்சி, "விடுமுறைக்குத்தானே போகிறோம், அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விடும். நடுவில் மூன்றாவது வழி ஒன்று உண்டு. நாளுக்கு ஒன்றிரண்டு விஷயத்தை மட்டும் முன்கூட்டியே உறுதி செய்துகொண்டு, மிச்ச நேரத்தைத் திறந்து விட்டுவிடுவது. நான் இந்த மூன்றாவது கட்சி. ஆனால் இது எல்லாப் பார்க்குக்கும், எல்லாக் குடும்பத்துக்கும் ஒத்துவரும் என்று சொல்ல மாட்டேன். எங்கே ஒத்துவரும், எங்கே காலை வாரிவிடும் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நிதானமாகப் போகலாம் என்று கிளம்புகிறவர்களில் பலர் திட்டத்தைக் குறைக்கிறார்கள், ஆசையைக் குறைப்பதில்லை. பத்து பெரிய ரைடும் ஏற வேண்டும், வாணவேடிக்கை பார்க்க வேண்டும், கதாபாத்திரங்களோடு படம் எடுக்க வேண்டும், ஆனால் எதற்கும் முன்பதிவு கிடையாது, எழுந்திருப்பது ஒன்பது மணிக்கு. மூன்று வழிகளையும் விட மோசமான நான்காவது வழி இது. திட்டம் போட்டவரின் களைப்பும் இருக்கும், திட்டம் போடாதவரின் ஏமாற்றமும் இருக்கும். திட்டத்தைக் குறைக்க வேண்டுமானால் பட்டியலையும் சேர்த்துக் குறைக்க வேண்டும். இந்த ஒன்றுக்கு வீட்டில் எல்லாரும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால், சரி, எக்செல் ஷீட்டே நல்லது.

இவ்வளவு திட்டம் எதற்கு வந்தது

தொடக்கத்தில் இந்தத் தொல்லை இல்லை. கலிஃபோர்னியாவின் அனஹைமில் 1955 ஜூலையில் டிஸ்னிலேண்ட் திறந்தது. அந்த ஆண்டே ரைடுகளுக்குக் கூப்பன் புத்தகம் வந்துவிட்டது. பிறகு அது 'ஏ' முதல் 'ஈ' வரை என்று வளர்ந்தது. சின்ன ரைடுக்கு ஏ, பெரிய ரைடுக்கு ஈ. கையில் இருக்கும் ஈ கூப்பன்கள் தீர்ந்தால் அத்தோடு சரி, மேற்கொண்டு வேண்டுமென்றால் காசு கொடுத்து வாங்க வேண்டும். எதில் ஏறுவது, எதை விடுவது என்று குடும்பமே உட்கார்ந்து பேசித் தீர்மானிக்க வேண்டியிருந்தது. 1982-இல் டிஸ்னி அந்தக் கூப்பன்களை நிறுத்திவிட்டது. ஒரே டிக்கெட், எல்லா ரைடும் அதற்குள் அடக்கம். கொடுத்த காசுக்கு எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்ற வேகம் அதற்குப் பிறகு இயல்பாகவே வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

எல்லாரும் எல்லாவற்றிலும் ஏற வந்தால் க்யூ நீளத்தானே செய்யும். 1999-இல் ஃபாஸ்ட்பாஸ் என்ற இலவச நேரச் சீட்டு வந்தது. ரைடு வாசலில் இருக்கும் எந்திரத்தில் சீட்டு எடுத்துக்கொண்டு, அதில் அச்சான நேரத்துக்குத் திரும்பி வந்தால் குறுகிய க்யூவில் போகலாம். ஃப்ளோரிடாவில் உள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டில் அது பிறகு ஃபோனுக்கு மாறியது. அவர்களுடைய ஹோட்டலில் தங்குகிறவர்கள் 60 நாள் முன்னதாகவும், மற்றவர்கள் 30 நாள் முன்னதாகவும் நேரம் பிடிக்கலாம் என்று ஆனது. செவ்வாய்க்கிழமை மதியம் மூன்றேகாலுக்குக் குழந்தை எந்த ரைடில் இருப்பான் என்று இரண்டு மாதம் முன்பே தீர்மானிக்க வேண்டிய நிலை! 2021-இல் இலவசம் போய்க் கட்டணம் வந்தது. 2024 ஜூலை முதல் அதற்கு லைட்னிங் லேன் மல்ட்டி பாஸ் என்று பெயர். ஹோட்டல்வாசிகள் 7 நாள் முன்னதாகவும், மற்றவர்கள் 3 நாள் முன்னதாகவும் மூன்று ரைடுகளுக்கு நேரம் எடுத்து வைக்கலாம். ஒன்றை முடித்ததும் ஆப்பில் அடுத்ததைச் சேர்க்கலாம். கால அளவு குறைந்ததில் கொஞ்சம் நிம்மதி, ஆனால் ஃபோனைப் பார்த்துக்கொண்டே நடக்கும் வேலை அப்படியே இருக்கிறது.

முழுத் திட்டத்தின் வலிமையும் அதன் விலையும்

முழுத் திட்டக்காரர்களைக் கிண்டல் செய்வது சுலபம். ஆனால் கணக்கு அவர்கள் பக்கம் நிற்கிறது. பார்க் பத்து மணி நேரம் திறந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சாப்பாடு, கழிப்பறை, உட்கார்ந்து மூச்சு விடுவது எல்லாம் சேர்ந்து இரண்டு மணி நேரம் போய்விடும். மிச்சம் எட்டு. ஒரு ரைடுக்குச் சராசரியாக 40 நிமிடம் க்யூ, ரைடும் இறங்கி வெளியே வருவதும் பத்து நிமிடம், அடுத்ததற்கு நடக்கப் பத்து நிமிடம் என்றால் ஒரு ரைடுக்கு ஒரு மணி நேரம். அன்றைக்கு எட்டு ரைடு. திட்டம் போட்டவர் அதே க்யூவைச் சராசரி 20 நிமிடமாகக் குறைத்தால் பன்னிரண்டு ரைடு வரும். ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது, வெகு தூரத்திலிருந்து வந்திருக்கிறோம், இனி எப்போது வருவோம் என்று தெரியாது என்றால் அந்த நான்கு ரைடு வித்தியாசம் அற்பமல்ல.

அந்தத் திட்டம் ஒரு சங்கிலி மாதிரி. மூன்றாவது கண்ணி அறுந்தால் அதற்குப் பின்னால் உள்ளதெல்லாம் சரிந்துவிடும். ஒரு ரைடு பழுதாகி நிற்கலாம், அது தினமும் எங்காவது நடப்பதுதான். ஃப்ளோரிடாவில் கோடைகாலப் பிற்பகல்களில் இடியும் மின்னலும் வழக்கம். மின்னல் பக்கத்தில் வந்தால் திறந்தவெளி ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். குழந்தை திடீரென்று தூங்கிவிடும், அல்லது தூங்க வேண்டிய நேரத்தில் தூங்காமல் அழும். வாத்தைப் பார்த்தால் வாத்தோடு அரை மணி நேரம் நிற்கும். இதையெல்லாம் எந்த ஷீட்டிலும் எழுத முடியாது. நல்ல திட்டக்காரர் இதற்கும் இடைவெளி விட்டிருப்பார், ஆனால் அப்படி இடைவெளி விட ஆரம்பித்தாலே அவர் பாதி வழி நம் பக்கம் வந்துவிட்டார் என்று அர்த்தம்.

பெரிய விலை வேறு இடத்தில் இருக்கிறது. குடும்பத்தில் ஒருவர் மேனேஜர் ஆகிவிடுகிறார். பெரும்பாலும் அம்மா. எல்லாரும் பரேட் பார்க்கும்போது அவர் ஆப்பைப் புதுப்பித்துக்கொண்டிருப்பார். "வா வா, நேரமாச்சு" என்று அன்று முழுக்க அவர் சொல்ல வேண்டியிருக்கும், மற்றவர்கள் அவரைக் கோபக்காரர் என்பார்கள். அவருக்கு அது விடுமுறையே இல்லை. இந்த வேலையை ரசித்துச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் வீட்டில் முழுத் திட்டம் அருமையாக நடக்கும். வேறு யாரும் செய்யாததால் ஒருவர் தலையில் விழுந்தது என்றால், எத்தனை ரைடு ஏறினோம் என்பதை வைத்து மட்டும் அந்தப் பயணத்தை எடைபோட முடியாது.

திட்டமே இல்லாமல் போகக்கூடிய இடங்கள்

ஒரு பார்க் எவ்வளவு நிதானத்தைத் தாங்கும் என்று அறிய நான் ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: க்யூவில் நிற்காமல் அங்கே செய்ய என்ன இருக்கிறது? அதற்குப் பதில் நிறைய இருந்தால் போன போக்கில் போகலாம். பதில் "கடைகள்" என்று மட்டும் வந்தால் திட்டம் வேண்டும்.

கோபன்ஹேகன் நகர நடுவில் இருக்கும் டிவோலி 1843-இல் தொடங்கியது. அங்கே நுழைவுக் கட்டணம் தனி, ரைடுக் கட்டணம் தனி. தோட்டத்தில் நடந்து, உட்கார்ந்து, இசை கேட்டுவிட்டு வர நினைக்கும் தாத்தா பாட்டிக்கு நுழைவு மட்டும் போதும். பிள்ளைகளுக்கு மட்டும் ரைடு பாஸ் வாங்கலாம். நெதர்லாந்தின் எஃப்டலிங் 1952-இல் தேவதைக் கதைக் காடாக ஆரம்பித்தது. அந்தக் காடு இன்றும் இருக்கிறது, மரங்களுக்கு நடுவே நடந்தே ஒவ்வொரு கதையாகப் பார்க்கலாம். சின்னக் குழந்தையோடு போகிறவர்களுக்கு அதுவே அரை நாள் தாங்கும். சிங்கப்பூர் செந்தோசாவில் இருக்கும் யுனிவர்சல் ஸ்டுடியோஸ், 2005-இல் திறந்த ஹாங்காங் டிஸ்னிலேண்ட் இரண்டும் அளவில் அடக்கமானவை. கூட்டம் குறைந்த வார நாளில் அங்கே வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றினாலே பெரும்பாலானவற்றைப் பார்த்துவிடலாம். பள்ளி விடுமுறை நாளில் அதே இடம் வேறு கதை.

வால்ட் டிஸ்னி வேர்ல்டின் நான்கு பார்க்குகளையும் ஒரே மாதிரி பாவிக்க வேண்டியதில்லை. 1982-இல் திறந்த எப்காட்டில் ஏரியைச் சுற்றிப் பதினோரு நாடுகளின் அரங்குகள் இருக்கின்றன. அங்கே ரைடு கொஞ்சம்தான், நடப்பதும் பார்ப்பதும் சாப்பிடுவதும்தான் அதிகம். 1998-இல் வந்த அனிமல் கிங்டமில் விலங்குகளைப் பார்க்கும் நடைபாதைகள் இருக்கின்றன. இந்த இரண்டும் சோம்பலைப் பொறுத்துக்கொள்ளும். ஹாலிவுட் ஸ்டுடியோஸ் பொறுத்துக்கொள்ளாது, ஏனென்றால் அங்கே ஈர்ப்பெல்லாம் ஒரு கையளவு பெரிய ரைடுகளில் குவிந்திருக்கிறது, எல்லாரும் அந்தச் சிலவற்றுக்கே வருகிறார்கள். மேஜிக் கிங்டம் இரண்டுக்கும் நடுவில். அதனால் நான்கு நாள் போகிற குடும்பம் ஹாலிவுட் ஸ்டுடியோஸுக்கு மட்டும் ஒரு தாளில் திட்டம் எழுதி வைத்துக்கொண்டு, எப்காட்டுக்குக் கையை வீசிக்கொண்டு போகலாம். எல்லா நாளுக்கும் ஒரே கொள்கை என்று யாரும் சட்டம் போடவில்லை.

ஆனால் சுத்தமாக எதுவுமே யோசிக்காமல் போவது பெரிய பார்க்குகளில் இன்று நடக்காத காரியம். பல இடங்களில் டிக்கெட்டிலேயே தேதி உண்டு. ஒசாகாவில் உள்ள யுனிவர்சல் ஸ்டுடியோஸ் ஜப்பானில் 2021-இல் திறந்த சூப்பர் நின்டெண்டோ வேர்ல்டு என்ற வீடியோ கேம் பகுதிக்குள் நுழைய, கூட்டமான நாளில் தனி நேரச்சீட்டு தேவைப்படும். அது வேண்டும் என்று முந்தின நாள் தெரிந்திருந்தால் காலையில் போன உடனே ஆப்பில் எடுத்திருக்கலாம். மதியம் அதன் வாசலில் போய் நின்று தெரிந்துகொண்டால் பிள்ளைக்கு என்ன பதில் சொல்வது? டோக்கியோ டிஸ்னி ரிசார்ட்டில் சில காட்சிகளுக்கு ஆப்பில் குலுக்கல் முறை. உள்ளே வந்தபிறகு விண்ணப்பிக்க வேண்டும், விழுந்தால் இடம். இந்த மாதிரி விதிகளைப் பத்து நிமிடம் படித்துவிட்டுப் போவதைத் திட்டம் என்றே சொல்லத் தேவையில்லை.

உயரக் கணக்கும் இப்படித்தான். மேஜிக் கிங்டமின் ஸ்பேஸ் மவுன்டனுக்கு 112 செ.மீ., செவன் ட்வார்ஃப்ஸ் மைன் ட்ரெயினுக்கு 97 செ.மீ., ஓர்லாண்டோ யுனிவர்சலின் வெலோசிகோஸ்டருக்கு 130 செ.மீ. இருக்க வேண்டும். குழந்தையை வீட்டுச் சுவரில் நிறுத்தி அளந்துவிட்டுக் கிளம்புங்கள். வாசலில் அளவுகோலுக்குக் கீழே நின்று அழும் பிள்ளையைச் சமாதானப்படுத்துவது எந்த க்யூவையும் விடக் கஷ்டம்.

தளர்வான திட்டம் எப்படி இருக்கும்

இப்போது என் கட்சி. இதில் இறுக்கமாகப் பிடிக்க வேண்டியது, பிறகு வாங்க முடியாத விஷயங்களை மட்டும். டிக்கெட், தங்குமிடம், நாளுக்கு ஒரு "கட்டாயம்". அவ்வளவுதான்.

அந்தக் கட்டாயத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு வழி: குடும்பத்தில் ஒவ்வொருவரும் முழுப் பயணத்துக்கும் ஒன்றே ஒன்று சொல்ல வேண்டும். "இது இல்லாவிட்டால் நான் வருத்தப்படுவேன்" என்கிற ஒன்று. நான்கு பேர் என்றால் நான்கு. மூன்று நாள் பயணத்தில் நாளுக்கு ஒன்று அல்லது இரண்டாக அது பிரிந்துவிடும். மிச்சமெல்லாம் கிடைத்தால் லாபம். பழைய ஈ கூப்பன் செய்த வேலையை நாமே செய்துகொள்கிறோம், அவ்வளவே. சிறுவர்கள் சொல்லும் பதில் சில சமயம் ஆச்சரியமாக இருக்கும். பெரியவர்கள் உயிரைக் கொடுத்து க்யூவில் நிற்கத் தயாராக இருக்கும் ரோலர் கோஸ்டரை விட்டுவிட்டு, "ஹோட்டல் நீச்சல் குளம்" என்பார்கள். அதை அப்படியே மதித்து எழுதிக்கொள்ளுங்கள், ஒரு மதியம் முழுதாக விடுதலை.

அந்த ஒரு கட்டாயத்தை எப்போது செய்வது என்பதில் மட்டும் கறாராக இருக்க வேண்டும். பார்க் திறக்கும் நேரத்துக்கு முன்பே வாசலில் நின்று, முதல் வேலையாக அதை முடித்துவிடுவது ஒரு வழி. திறந்த முதல் ஒரு மணி நேரத்தில் க்யூ குறைவு. டிஸ்னி வேர்ல்டின் ஹோட்டல்களில் தங்குகிறவர்களுக்கு நான்கு பார்க்கிலும் தினமும் அரை மணி முன்னதாக உள்ளே போக அனுமதி உண்டு. இன்னொரு வழி இரவு. டிஸ்னியிலும் யுனிவர்சலிலும் பொதுவாக, பார்க் மூடும் நேரத்துக்கு முன் க்யூவில் சேர்ந்துவிட்டால் ரைடு ஏறவிட்டுத்தான் அனுப்புவார்கள். சின்னப் பிள்ளைகள் கிளம்பிவிட்ட அந்தக் கடைசி நேரத்தில் கூட்டமும் வடிந்திருக்கும்.

காலை அல்லது இரவு, இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். நிதானம் பேசிக்கொண்டே விடியலில் போய் நள்ளிரவில் திரும்பும் குடும்பங்கள் உண்டு, இரண்டாம் நாள் அவர்கள் முகத்தைப் பார்த்தாலே தெரியும். இரண்டும் வேண்டும் என்றால் நடுவே ஹோட்டலுக்குத் திரும்பி ஓய்வெடுக்க வேண்டும். அது காகிதத்தில் நன்றாக இருக்கும், ஆனால் போகவர அரை அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றால் யாரும் செய்ய மாட்டார்கள். அனஹைம் டிஸ்னிலேண்டைச் சுற்றி நடந்தே போகக்கூடிய தூரத்தில் ஹோட்டல்கள் இருக்கின்றன, அதன் இரண்டு பார்க்குகளின் வாசலும் எதிரெதிரே. அங்கே மதியத் தூக்கம் நிஜமாகவே சாத்தியம். ஃப்ளோரிடாவிலோ இடம் மொத்தம் சுமார் 100 சதுர கிலோமீட்டர். பஸ்ஸுக்குக் காத்திருந்து, இறங்கி, அறைக்கு நடந்து போவதற்குள் தூக்கம் கலைந்துவிடும். மேஜிக் கிங்டமுக்குப் பக்கத்தில் மோனோரயில் வழியில் இருக்கும் ஹோட்டல்கள் விதிவிலக்கு, அவற்றின் வாடகையும் விதிவிலக்குதான்.

சாப்பாட்டில் ஒரு சின்ன விஷயம். டிஸ்னி வேர்ல்டில் உட்கார்ந்து சாப்பிடும் உணவகங்களுக்கு 60 நாள் முன்பே முன்பதிவு திறந்துவிடும். தினமும் ஒன்று பிடித்து வைத்தால் அதுவே அன்றைய நாளை வெட்டிப் போட்டுவிடும். எங்கே இருந்தாலும் பன்னிரண்டரைக்கு அந்த மேசைக்கு ஓட வேண்டும். முழுப் பயணத்துக்கும் ஒன்று போதும். மற்ற நாள் பசிக்கும்போது ஆப்பில் ஆர்டர் செய்து வாங்கிக்கொள்ளலாம், அதுவும் எல்லாருக்கும் பசிக்கும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாக.

காசு கொடுத்து நிதானம் வாங்கலாமா

வாங்கலாம், ஆனால் எல்லாக் குறுக்கு வழியும் ஒன்றல்ல. ஓர்லாண்டோ யுனிவர்சலின் எக்ஸ்பிரஸ் பாஸுக்கு நேரம் குறிக்க வேண்டாம். எப்போது தோன்றுகிறதோ அப்போது அந்தத் தனி க்யூவில் போகலாம். போன போக்கில் போகிறவர்களுக்காகவே செய்தது மாதிரி இருக்கும். போர்ட்டோஃபினோ பே, ஹார்ட் ராக், ராயல் பசிஃபிக் ஆகிய மூன்று ஹோட்டல்களில் தங்கினால் அங்குள்ள இரண்டு பழைய பார்க்குகளுக்கும் எண்ணிக்கை வரம்பில்லாத எக்ஸ்பிரஸ் வாடகையிலேயே அடங்கிவிடும். 2025 மே மாதம் திறந்த எபிக் யுனிவர்ஸ் இதில் சேராது. நான்கைந்து பேர் குடும்பம் ஆளாளுக்கு எக்ஸ்பிரஸ் வாங்கும் செலவையும், அந்த ஹோட்டலில் ஒரு இரவு தங்கும் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நெரிசல் காலத்தில் ஹோட்டலே மலிவாகத் தெரிவதும் உண்டு. அறைக்குள் போகும் நாளும் வெளியேறும் நாளும் இரண்டுமே கணக்கில் வரும் என்பதால் ஒரு இரவுக்கு இரண்டு நாள் கிடைக்கும்.

டிஸ்னியின் மல்ட்டி பாஸ் அப்படியல்ல. அது நேரத்தை மிச்சப்படுத்தும், ஆனால் மனசை ஃபோனில் கட்டிப்போடும். தளர்வாகப் போகிறவர்களுக்கு அதைவிட அவர்களுடைய சிங்கிள் பாஸ் பொருத்தம் என்பது என் கருத்து. மிகப் பெரிய ஓரிரு ரைடுகளுக்கு மட்டும் தனியாக விற்பது அது. ஒரு ரைடு, ஒரு நேரம், முடிந்தது. அன்றைய கட்டாயம் அந்த ரைடாக இருந்தால் அதை வாங்கிவிட்டுக் காலையில் மெதுவாக எழுந்து போகலாம். அனஹைமில் மல்ட்டி பாஸுக்கே முன்கூட்டி நேரம் பிடிக்கும் வசதி கிடையாது. அன்று உள்ளே போனபிறகுதான் தேர்ந்தெடுக்க வேண்டும். முன்தயாரிப்பு பிடிக்காதவர்களுக்கு இதுவே ஒரு வரம்.

காசைப் பாஸில் போடுவதைவிட நாளில் போடுவது மேல் என்று பல சமயம் தோன்றுகிறது. டிஸ்னி வேர்ல்டில் நாள் கூடக் கூட, கூடுதலாகச் சேரும் ஒவ்வொரு நாளின் டிக்கெட் விலையும் குறைந்துகொண்டே வரும். அதோடு 4 நாள் டிக்கெட்டை 7 நாளுக்குள் எப்போது வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். நடுவில் ஒரு நாள் பார்க்கே போகாமல் இருக்க டிக்கெட்டே இடம் கொடுக்கிறது. ஆனால் கூடுதல் நாள் என்றால் கூடுதல் அறை வாடகை, கூடுதல் லீவு. லீவு கிடைக்காதவர்களுக்குப் பாஸ்தான் வழி. நேரம் இருப்பவர் நாளைக் கொடுக்கிறார், நேரம் இல்லாதவர் காசைக் கொடுக்கிறார், இரண்டும் இல்லாதவர் ரைடுகளை விட்டுக்கொடுக்க வேண்டும். மூன்றில் எதையும் கொடுக்காமல் நிதானம் கிடைக்கும் பார்க்கை நான் இன்னும் பார்க்கவில்லை.

யாரோடு போகிறீர்கள்

மூன்று வயது நிறையாத குழந்தைக்கு டிஸ்னி பார்க்குகளில் டிக்கெட் கிடையாது. அந்தக் குழந்தை இருக்கும் குடும்பத்துக்கு முழுத் திட்டம் வீண், அன்றைய நாளை நடத்தப்போவது அதுதான். அப்பா அம்மா ஏற விரும்பும் ரைடுக்கு டிஸ்னியில் ரைடர் ஸ்விட்ச் என்ற ஏற்பாடு இருக்கிறது, யுனிவர்சலிலும் அதே மாதிரி ஒன்று உண்டு. ஒருவர் ஏறும்போது மற்றவர் குழந்தையோடு இருந்துவிட்டு, பிறகு முழு க்யூவில் நிற்காமல் ஏறலாம். இதற்குத் தனிக் கட்டணம் இல்லை. கேட்டால்தான் கொடுப்பார்கள், அதனால் ரைடு வாசலில் நிற்கும் ஊழியரிடம் கேளுங்கள்.

பதின்ம வயதினர் இருந்தால் நிலைமை தலைகீழ். ஒரே நாளில் ஒரே ரோலர் கோஸ்டரில் நாலு தடவை ஏற வேண்டும் என்பவர்களிடம் போய் மெதுவாக நடப்போம் வா என்று சொல்ல முடியாது. அவர்களுக்குத் தனி வழி விட்டுவிடுவதுதான் உத்தமம். பல பெரிய ரைடுகளில் சிங்கிள் ரைடர் க்யூ உண்டு. காலியாக இருக்கும் ஒற்றை இருக்கையில் உட்கார வைப்பார்கள், குடும்பமாகச் சேர்ந்து உட்கார முடியாது, ஆனால் பெரும்பாலும் வேகமாக நகரும். திட்டத்தையும் அவர்களிடமே கொடுங்கள். ஆப்பை அவர்கள் கையாளும் வேகத்துக்கு நம்மால் ஈடுகொடுக்க முடியாது. வீட்டில் இரண்டு கட்சியும் இருந்தால் இரண்டும் தனித்தனியே நடக்கட்டுமே. மதியச் சாப்பாட்டுக்கும் இரவு வாணவேடிக்கைக்கும் ஒன்றாகச் சேர்ந்தால் போதாதா?

வயதானவர்கள் வருகிறார்கள் என்றால் நடை தூரத்தை முதலில் யோசிக்க வேண்டும். பெரிய பார்க்கில் ஒரு நாள் நடை பத்து கிலோமீட்டரைச் சுலபமாகத் தாண்டும். சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைக்கும், ஆனால் அதில் உட்காரச் சம்மதிக்க வைப்பது தனிப் பேச்சுவார்த்தை. நிழலில் உட்கார்ந்து பரேட் பார்ப்பது, படகில் மெதுவாகச் சுற்றுவது, உள்ளரங்கக் காட்சிகள் என்று அவர்களுக்கு ஒரு பட்டியல் தனியாக இருந்தால், க்யூவில் நிற்கும் மற்றவர்களுக்காக வெயிலில் காத்திருக்கும் தண்டனையிலிருந்து தப்பிப்பார்கள்.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது

ஒரே நாள், பெரிய பார்க், பள்ளி விடுமுறைக் காலம் என்று மூன்றும் சேர்ந்தால் முழுத் திட்டம் போடுங்கள், அல்லது காசு கொடுத்து எக்ஸ்பிரஸ் மாதிரி ஒன்றை வாங்குங்கள். அந்த நாளில் தளர்வு என்பது க்யூவில் நிற்பதற்கு இன்னொரு பெயர். டோக்கியோவுக்கு முதல் தடவை போகிறவர்களையும் இதில்தான் சேர்ப்பேன். அங்கே திறப்பதற்கு வெகு நேரம் முன்பே வாசலில் வரிசை நிற்கும், போனபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பவர்களுக்குக் கிடைப்பது மிச்சம்தான். அங்குள்ள இரண்டு டிஸ்னி பார்க்குகளில் ஒன்றான டிஸ்னிசீயை நடந்து பார்ப்பதே ஒரு அனுபவம் என்று நினைக்கிறவர்களுக்கு மட்டும் அந்த மிச்சமே நிறைய.

அடக்கமான பார்க், கூட்டமில்லாத நாள், பள்ளிக்குப் போகாத வயதுக் குழந்தை என்றால் டிக்கெட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள். டிவோலிக்கும் எஃப்டலிங்குக்கும் ஷீட் போட்டுக்கொண்டு போவது கொஞ்சம் அதிகப்படி.

மூன்று நாளோ அதற்கு மேலோ கையில் இருந்து, பார்க் பெரியதாக, பிள்ளைகள் வெவ்வேறு வயதில் இருந்தால் நாளுக்கு ஒரு கட்டாயம் என்கிற தளர்வான வழிதான் என் தேர்வு. பெரும்பாலான குடும்பப் பயணங்கள் இந்த மூன்றாவது வகையில்தான் வரும். இதில் குறைவது ரைடுகளின் எண்ணிக்கை. நாளுக்கு ஐந்தாறு என்று மனசைத் தயார் செய்துகொண்டு போனால் ஏழாவது கிடைக்கும்போது எல்லாருக்கும் சந்தோஷம். பன்னிரண்டு என்று போனவருக்குப் பத்து கிடைத்தாலும் முகம் தொங்கும்.

டிக்கெட்டுக்குக் காசு கட்டுவதற்கு முன்னாலேயே ஆளுக்கொரு கட்டாயத்தைக் கேட்டு எழுதிவிடுங்கள். ஏனென்றால் அந்தப் பதில்களைப் பார்த்தபிறகு நாட்களின் எண்ணிக்கையே மாறலாம். நான்கு பேரில் மூன்று பேர் சொன்னது ஒரே பார்க்கில் இருக்கிறது என்றால், ஒரே டிக்கெட்டில் அதே நாளில் பார்க் மாறும் வசதிக்கு எதற்குக் கூடுதல் காசு? அந்தப் பார்க்குக்கு இரண்டு நாள், நீச்சல் குளத்துக்கு ஒரு நாள் என்று எடுத்துக்கொண்டு, மிச்சத்தை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.